இரு முனை, இரு விலை

2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோலின் சராசரி விலை முதன்முறையாக ஐந்து டாலரைத் தாண்டியது. உக்ரைன் போர் தொடங்கி நான்காவது மாதம் அது. பங்க்கில் வண்டியை நிறுத்தியவர்களின் கோபத்துக்கு அரசியல்வாதிகள் உடனே ஒரு காரணத்தை எடுத்துக்கொடுத்தார்கள்: கீஸ்டோன் எக்ஸ்எல். கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் உள்ள ஹார்டிஸ்டி என்ற ஊரிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் வரை, ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தூரம், நாளொன்றுக்கு 8.3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் கொண்டுவரத் திட்டமிடப்பட்ட குழாய் அது. ஒபாமா 2015 நவம்பரில் நிராகரித்தார். டிரம்ப் 2017-இல் அனுமதித்தார். பைடன் 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அனுமதியை ரத்து செய்தார். அந்த ஒரு கையெழுத்து விழாமல் இருந்திருந்தால் பெட்ரோல் இந்த விலைக்கு வந்திருக்காது என்று குடியரசுக் கட்சியினர் மேடைதோறும் பேசினார்கள். கேட்டவர்கள் நம்பியதில் வியப்பில்லை. எண்ணெய் கூடுதலாக வந்தால் விலை குறையும் என்பது யாருக்கும் தோன்றும் கணக்கு. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வட அமெரிக்கக் குழாய்கள் திறந்தபோதும், அடைபட்டபோதும், வெடித்தபோதும் விலை நடந்துகொண்ட விதம் அந்தக் கணக்கை ஆதரிக்கவில்லை. ஒரு பெரிய எண்ணெய்க் குழாய் உலக விலையை லேசாகத்தான் அசைக்கிறது. பங்க் விலையை அதனினும் லேசாக. அது பலமாக அசைப்பது தன் இரு முனைகளுக்கும் நடுவில் உள்ள விலை வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் குழாய்ச் சண்டைகள் எல்லாம் வேர்விட்டிருக்கின்றன.

கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுவதும் ஒரே விலை என்று நாம் பேசுவது கப்பலேறக்கூடிய எண்ணெய்க்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். துறைமுகத்தில் எண்ணெய் வைத்திருப்பவர் ரோட்டர்டாமுக்கும் அனுப்பலாம், சிங்கப்பூருக்கும் அனுப்பலாம். கப்பல் கூலி போக எங்கே நாலு காசு கூடக் கிடைக்கிறதோ அங்கே சரக்கு போகும். அதனால் துறைமுக விலைகள் ஒன்றையொன்று ஒட்டியே நகர்கின்றன. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே எண்ணெய் எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய கிணற்றை எந்தக் குழாய் தொடுகிறதோ, அந்தக் குழாய் எந்த ஆலையில் போய் முடிகிறதோ, அந்த ஆலை கொடுப்பதுதான் விலை. லாரி ஓடாத நாளில் ஒட்டன்சத்திரத்தில் தக்காளி தேங்கி அடிமாட்டு விலைக்குப் போகிறது; அதே நாளில் கோயம்பேட்டில் விலை ஏறுகிறது. விளைச்சலும் மாறவில்லை, சாப்பிடுகிறவர்களும் மாறவில்லை. நடுவில் வழி அடைபட்டதால் விலை இரண்டாகப் பிளந்துவிட்டது. குழாயின் கொள்ளளவு தீர்ந்துபோன இடத்தில் கச்சா எண்ணெய்க்கு நேர்வதும் இதுவே.

அமெரிக்காவில் இந்தப் பிளவு நடந்த இடம் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங். எட்டாயிரம் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். ஊர் எல்லையில் குழாயும் வால்வுமாக நிற்கும் ஒரு சின்னம், உலகக் குழாய்களின் சந்திப்பு இதுதான் என்று அறிவிக்கிறது. ஊரைச் சுற்றிலும் புல்வெளியில் வட்ட வட்டமாக நூற்றுக்கணக்கான சேமிப்புத் தொட்டிகள். எல்லாம் சேர்ந்து 9 கோடி பீப்பாய்க்கு மேல் கொள்ளும். நியூயார்க் சந்தையில் 1983 முதல் நடந்துவரும் டபிள்யூ.டி.ஐ. முன்பேர ஒப்பந்தத்தின்படி எண்ணெய் கைமாற வேண்டிய இடம் இந்த ஊர்தான். செய்திகளில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் விலை என்று சொல்லப்படுவது, சரியாகச் சொன்னால், குஷிங் தொட்டியில் கிடக்கும் எண்ணெயின் விலை. அந்த ஊரின் தொட்டிகளிலும் குழாய்களிலும் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த எண் எங்கும் போகும். கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் 20 அன்று, அது பூஜ்யத்துக்கும் கீழே 37.63 டாலருக்குப் போனது. எண்ணெயை எடுத்துக்கொள்பவருக்கு விற்பவரே பணம் கொடுக்க வேண்டிய நிலை. அதே நாளில் கடல்வழிச் சரக்கான பிரென்ட், ஏறத்தாழ 25 டாலருக்கு விற்றது. எண்ணெய் ஒன்றுதான்; ஒன்றுக்குக் கப்பல் இருந்தது, மற்றதற்குத் தொட்டியில்கூட இடமில்லை.

அந்த ஒரு நாள் விபரீதத்தைவிட நமக்கு அதிகம் கற்றுத்தருவது 2011 முதல் 2013 வரை நீடித்த பிளவு. அதற்கு முன்பு குஷிங் எண்ணெய் பிரென்ட்டைவிட ஓரிரு டாலர் கூடுதலாகவே விற்றுவந்தது. தரமான எண்ணெய், பக்கத்திலேயே வாங்குவோர். பிறகு இரண்டு பக்கமிருந்தும் வெள்ளம் வந்தது. வடக்கு டகோட்டாவின் பாக்கன் பாறைப் படிவங்களில் உற்பத்தி பெருகியது. கனடாவின் எண்ணெய் மணலிலிருந்து கனரக எண்ணெய் கொண்டுவரும் முதல் கீஸ்டோன் குழாய் 2010-இல் இல்லினாய் வரை ஓடத் தொடங்கியது. 2011 பிப்ரவரியில் அதன் கிளை குஷிங்கைத் தொட்டது. எக்ஸ்எல் என்ற பெயரில் பின்னால் பிரச்சினைக்குள்ளானது இதே குழாயின் அடுத்த கட்டம். உள்ளே வரும் குழாய்கள் பெருகின. கடற்கரையை நோக்கி வெளியேறும் குழாய்கள் இல்லை. பல ஆண்டுகளாக மெக்சிகோ வளைகுடாவிலிருந்து இறக்குமதி எண்ணெயை வடக்கே கொண்டுவரும் வகையில்தான் வலைப்பின்னல் அமைந்திருந்தது. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்ய 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை வேறு. விளைவு: 2011-இல் குஷிங் எண்ணெயின் சராசரி விலை 95 டாலர், பிரென்ட் 111 டாலர். 2012-இல் 94-க்கு 112. சில வாரங்களில் இந்த இடைவெளி 25 டாலரையும் தாண்டியது. ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர். நாளொன்றுக்கு லட்சக்கணக்கான பீப்பாய். எவ்வளவு பெரிய தொகை அந்த இடைவெளியில் கிடந்தது என்று நினைத்துப்பாருங்கள்.

மலிவான கச்சா எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த மத்திய மேற்கு மாநில மக்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் பெட்ரோல் மலிந்ததா? இந்தக் கேள்வியை நேராக எடுத்து ஆராய்ந்தவர்கள் இரண்டு பொருளாதார அறிஞர்கள்: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் செவரின் போரன்ஸ்டைன், அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ரயன் கெல்லாக். அவர்களது முடிவு தெளிவானது. கச்சா எண்ணெயின் வட்டார விலைச்சரிவு பெட்ரோல், டீசலின் மொத்த விலைக்கு வந்து சேரவில்லை. 2010-இல் நாடு முழுதும் சராசரியாக 2.78 டாலராக இருந்த ஒரு கேலன் பெட்ரோல், 2012-இல் 3.6 டாலருக்கு மேல் விற்றது. பிரென்ட்டோடு சேர்ந்து ஏறியது, குஷிங்கோடு சேர்ந்து இறங்கவில்லை. காரணம் எளிது. உள்ளூர் ஆலைகளின் பெட்ரோல் அந்த வட்டாரத்துக்குப் போதாது. மிச்சம் வளைகுடாக் கரையிலிருந்து வேறு குழாய்களில் வந்தது. வளைகுடா ஆலைகள் உலக விலைக்குக் கச்சா வாங்கின. கடைசியாக வந்து சேரும் அந்த விலை உயர்ந்த கேலன்தான் சந்தை விலையை நிர்ணயித்தது. அப்போது கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்குத்தான் தடை இருந்தது. பெட்ரோல், டீசல் ஏற்றுமதிக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆகவே உள்ளூர் ஆலை முதலாளிகள் உள்ளூர் விலைக்கு வாங்கி உலக விலைக்கு விற்றார்கள். பதினாறு முதல் பதினெட்டு டாலர் வரையிலான வித்தியாசத்தின் பெரும்பகுதி அவர்களது லாபக் கணக்கில் ஏறியது. எண்ணெய் எடுத்தவருக்கும் கிடைக்கவில்லை, வண்டி ஓட்டியவருக்கும் கிடைக்கவில்லை.

அடைப்பு நீங்கிய கதையும் இதையே உறுதி செய்கிறது. வளைகுடாவிலிருந்து குஷிங்குக்கு வந்துகொண்டிருந்த சீவே குழாயைத் திசை திருப்பப்போவதாக 2011 நவம்பர் நடுவில் அறிவிப்பு வந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூடத் திசை மாறுவதற்கு முன்பே அன்றைக்கு டபிள்யூ.டி.ஐ. நூறு டாலரைத் தாண்டியது; பிரென்ட் பெரிதாக அசையவில்லை, இடைவெளி மட்டும் சுருங்கியது. 2012 மே மாதம் சீவே தெற்கு நோக்கி ஓடத் தொடங்கியது. 2014 ஜனவரியில் கீஸ்டோனின் தென்பகுதி குஷிங்கிலிருந்து டெக்சாஸ் கரைக்குத் திறந்தது. அந்த ஆண்டின் சராசரி இடைவெளி ஆறு டாலர் அளவுக்கு வந்துவிட்டது. குழாய் வந்ததும் எண்ணெய் எடுக்கும் முனையில் விலை ஏறியது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இது குழாய் கட்டியவர்களுக்குத் தெரியாததல்ல. எக்ஸ்எல் திட்டத்துக்காக டிரான்ஸ்கனடா நிறுவனம் 2009-இல் கனடாவின் தேசிய எரிசக்தி வாரியத்திடம் முன்வைத்த மதிப்பீடே இதைத்தான் சொன்னது. மத்திய மேற்கில் கனடா எண்ணெய் தேங்கி விலை தள்ளுபடி ஆகிறது. வளைகுடாவுக்கு வழி கிடைத்தால் அந்தத் தள்ளுபடி மறையும். கனடா உற்பத்தியாளர்களுக்கு ஆண்டுக்கு 200 கோடி முதல் 390 கோடி டாலர் வரை கூடுதலாகக் கிடைக்கும். கனடாவில் விலை ஏறும் என்று சொல்லி அனுமதி கேட்கப்பட்ட குழாய்க்கு, எல்லையைத் தாண்டியதும் விலையைக் குறைக்கும் என்ற வாதம் ஆதரவாகச் சேர்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பாளர்கள் சிலர், எக்ஸ்எல் வந்தால் மத்திய மேற்கில் பெட்ரோல் விலை ஏறும் என்றார்கள். அதுவும் தவறு. இடைவெளி விரிந்தபோது பெட்ரோல் மலியவில்லை என்றால், அது மூடும்போது பெட்ரோல் ஏறவும் காரணமில்லை.

சரி, வட்டார இடைவெளி இருக்கட்டும், 8.3 லட்சம் பீப்பாய் உலகச் சந்தைக்குக் கூடுதலாக வந்தால் உலக விலையே இறங்காதா என்பது இதற்குச் சொல்லப்படும் வலுவான மறுப்பு. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உலகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் எரிக்கிறது. குழாயின் முழுக் கொள்ளளவும் புதிய எண்ணெய் என்று வைத்துக்கொண்டாலும் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பீப்பாய்க்கு இரண்டு, மூன்று டாலர் இறங்கலாம். ஒரு டாலர் இறங்கினால் கேலனுக்கு 2.4 சென்ட். ஐந்து டாலர் பெட்ரோலில் ஐந்தோ ஏழோ சென்ட். அதுவும் ஓபெக் நாடுகள் தங்கள் உற்பத்தியைக் குறைத்து ஈடுகட்டாமல் இருந்தால்தான். உண்மையில் அந்த எண்ணெய் முழுவதும் புதியது என்று சொல்லவும் முடியாது. எக்ஸ்எல் முன்மொழியப்பட்ட 2008-இல் கனடா அமெரிக்காவுக்கு அனுப்பியது நாளுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பீப்பாய். எக்ஸ்எல் இல்லாமலே 2024-இல் அது 40 லட்சமானது. பழைய குழாய்களை விரிவாக்கினார்கள், ரயிலில் ஏற்றினார்கள். பைடன் ரத்து செய்தபோது எக்ஸ்எல் பத்தில் ஒரு பங்குகூடக் கட்டி முடிக்கப்படவில்லை. கட்டியிருந்தாலும் 2023-இல்தான் ஓடியிருக்கும். 2022 ஜூன் மாத விலைக்கும் அதற்கும் முடிச்சுப்போட வழியே இல்லை. 2014 கோடையில் 115 டாலரில் இருந்த பிரென்ட், அடுத்த ஜனவரிக்குள் ஐம்பதுக்கும் கீழே விழுந்தபோதும் எக்ஸ்எல் இல்லை என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

இந்த இடத்தில் சூழலியல் தரப்பிலும் ஒரு முரண் இருக்கிறது. குழாய் உலக விலையைத் துளியும் குறைக்காது என்று ஒரு மேடையிலும், அதே குழாய் உலகின் கரியமில வாயுவைப் பெருக்கும் என்று மறு மேடையிலும் அவர்கள் பேசியதுண்டு. கூடுதல் எண்ணெய் விலையைக் குறைத்து, அதனால் உலகம் கூடுதலாக எரித்தால்தான் இரண்டாவது வாதம் முழு வலுப்பெறும். பீட்டர் எரிக்சன், மைக்கேல் லாசரஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேர்மையாகவே எதிர்கொண்டது. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் உலக நுகர்வு 0.6 பீப்பாய் ஏறக்கூடும் என்பது அவர்களது கணிப்பு. ஒரு காரோட்டிக்குத் தெரியாத ஐந்து சென்ட், நூறு கோடி வண்டிகளில் சேரும்போது பூமிக்குத் தெரியும் அளவாகிவிடும். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல, விலை கொஞ்சம் இறங்கும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். குழாய் இல்லையென்றால் எண்ணெய் நிலத்தடியிலேயே தங்கிவிடும் என்ற நம்பிக்கையையும் ரயில் கெடுத்தது. 2014-இல் அமெரிக்காவில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல் ரயிலில் போனது. பாக்கன் எண்ணெய் ஏற்றிய ரயில் ஒன்று 2013 ஜூலை 6 அதிகாலை, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாக் மெகான்டிக் என்ற ஊரின் நடுவே தடம்புரண்டு வெடித்து 47 பேரைக் கொன்றது. குழாயை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

விலை பற்றிய வாதத்துக்கு ஒரு சோதனை 2022 டிசம்பர் 7 அன்று தானாகவே அமைந்தது. அன்றிரவு கான்சஸ் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டியில், மில் கிரீக் என்ற ஓடைக்கருகே, கீஸ்டோன் குழாய் உடைந்தது. பற்றவைப்பில் உண்டான விரிசலே காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஏறத்தாழ 13,000 பீப்பாய் எண்ணெய் வெளியேறி, ஓடையும் சரிவான மேய்ச்சல் நிலமும் கறுத்தன. நாளுக்கு 6.2 லட்சம் பீப்பாய் சுமக்கும் குழாய் முழுவதும் நிறுத்தப்பட்டது. குஷிங் கிளை மூன்று வாரம் கழித்துத்தான் திறந்தது. எக்ஸ்எல் கொண்டுவந்திருக்கக்கூடிய எண்ணெயின் முக்கால் பங்கு, ஒரே இரவில் மறைந்ததற்குச் சமம் இது. விலை என்ன ஆனது? செய்தி வந்த மறுநாள் சற்றே எழும்பிய டபிள்யூ.டி.ஐ. பொழுதுசாய்வதற்குள் இறங்கி 71 டாலர் சொச்சத்தில் முடிந்தது. அந்த ஆண்டின் மிகக் குறைந்த விலை மட்டம் அந்த வாரத்தில்தான் பதிவானது. பொருளாதார மந்தம் வருமோ என்ற அச்சம் உடைந்த குழாயைவிடப் பெரிதாக இருந்தது.

விலையை அசைக்காத குழாய்க்கு நாட்டின் வழங்கலில் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது பெரும் பிழை. வழங்கலில் குழாயின் இடம் என்ன என்பதை 2021 மே மாதம் காட்டியது. ஹூஸ்டனிலிருந்து நியூஜெர்சி வரை 8,800 கிலோமீட்டர் ஓடும் கலோனியல் குழாய், கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைச் சுமக்கிறது. நாளுக்கு 25 லட்சம் பீப்பாய் பெட்ரோலும் டீசலும் விமான எரிபொருளும், வேக நடையை ஒத்த வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் நகர்ந்துபோகின்றன. மே 7 அன்று டார்க்சைட் என்ற இணையக் கொள்ளைக் கும்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியது. குழாயின் இயக்கத்தை நிறுவனமே நிறுத்தியது. கும்பலுக்கு 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர், கொடுத்தது. ஆறு நாளில் வட கரோலினாவின் பங்க்குகளில் பாதிக்கும் மேல் காலியாகின. பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் நிரப்பாதீர்கள் என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மக்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. தேசியச் சராசரி விலை 2014-க்குப் பிறகு முதன்முறையாக மூன்று டாலரைத் தொட்டது. சில சென்ட் ஏற்றம்தான். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. காசு இருந்தது, உலகில் எண்ணெயும் இருந்தது, வட கரோலினாவில் மட்டும் பெட்ரோல் இல்லை. குழாயின் அருமை தெரிவது விலைப்பலகையில் அல்ல, இப்படிக் காலியாகும் பங்க்கில். ஏறத்தாழப் பாதி எரிபொருளை ஒரே வழியில் கொண்டுவரும் வட்டாரத்துக்கு அந்த வழியே பலவீனமாகவும் ஆகிவிடுகிறது.

கனடாவிலிருந்து குழாய் வந்தால் பகை நாடுகளை நம்பியிருக்க வேண்டாம் என்ற பாதுகாப்பு வாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அதில் உண்மை உண்டு. மெக்சிகோ வளைகுடாக் கரையின் பெரிய ஆலைகள் வெனிசுவேலா, மெக்சிகோவின் கனமான எண்ணெயைக் காய்ச்சுவதற்கென்றே பல நூறு கோடி டாலர் செலவில் மாற்றியமைக்கப்பட்டவை. அவற்றுக்கு டெக்சாஸின் இலகுவான எண்ணெய் அப்படியே ஒத்துவராது. வெனிசுவேலாவின் உற்பத்தி சரிந்து, 2019 ஜனவரியில் அதன்மீது தடையும் விழுந்தபோது, கனடாவின் கனரக எண்ணெய் இல்லையென்றால் அந்த ஆலைகள் திண்டாடியிருக்கும். சவூதி அரேபியா தன் கிழக்கு வயல்களிலிருந்து செங்கடல் கரைக்கு 1980-களின் தொடக்கத்திலேயே குழாய் பதித்ததும் இதே யோசனையில்தான். ஹோர்முஸ் நீரிணை வழியாக 2024-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் போனது. அந்த வாசல் அடைபட்டால் மாற்றுவழி வேண்டும். அத்தகைய குழாய் நெருக்கடி நாளில் உலக விலையையே தாங்கிப்பிடிக்கக்கூடியது. நான் சொல்லும் விதிக்கு நேர்மையான விதிவிலக்கு அது. எக்ஸ்எல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது எந்த நீரிணையையும் சுற்றிக்கொண்டு போகவில்லை. நட்பு நாட்டிலிருந்து வரும் எண்ணெய்க்கும் உலகச் சந்தையின் விலைதான்.

அப்படியானால் குழாயால் பயனடைபவர் யார் என்பதைப் பார்க்க ஆல்பெர்ட்டாவுக்குப் போக வேண்டும். 2018 இலையுதிர் காலத்தில் அங்கே குழாய்கள் நிரம்பி, கனடாவின் கனரக எண்ணெய் டபிள்யூ.டி.ஐ.யைவிட 40 டாலருக்கு மேல் குறைத்து விற்கப்பட்டது. தரம் குறைவு, தூரம் அதிகம் என்பதற்காக வழக்கமாக உள்ள தள்ளுபடியைப் போல் இது மும்மடங்கு. நாளுக்கு எட்டுக் கோடி டாலர் இழக்கிறோம் என்றார் அன்றைய முதல்வர் ரேச்சல் நோட்லி. டிசம்பர் 2 அன்று உற்பத்தியை 3,25,000 பீப்பாய் குறைக்க உத்தரவிட்டார். தனியார் நிறுவனங்களின் கிணறுகளை அரசு மூடச்சொன்ன அசாதாரணமான உத்தரவு. ஒரு மாதத்துக்குள் தள்ளுபடி பத்துப் பதினைந்து டாலர் அளவுக்குச் சுருங்கியது. பிறகு பசிபிக் கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுன்டன் குழாயின் விரிவாக்கம் 2024 மே 1 அன்று திறந்தது. நாளுக்கு 3 லட்சம் பீப்பாயாக இருந்த கொள்ளளவு 8.9 லட்சமானது. சீனாவும் கலிபோர்னியாவும் வாங்க வந்தன. தள்ளுபடி மீண்டும் குறைந்தது. இந்தத் தள்ளுபடி ஒரு டாலர் குறைந்தால் ஆல்பெர்ட்டா அரசுக்கு ஆண்டுக்கு 60 கோடி கனேடிய டாலருக்கு மேல் வருவாய் கூடும் என்கின்றன மாகாண பட்ஜெட் கணக்குகள். பள்ளியும் மருத்துவமனையும் அந்தப் பணத்தில் நடக்கின்றன. அதை அற்பமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் குழாயின் செலவையும் அதே கையோடு எழுத வேண்டும். 2013-இல் 540 கோடி கனேடிய டாலர் என்று மதிப்பிடப்பட்ட விரிவாக்கம் 3,400 கோடியில் முடிந்தது. நடுவழியில் தனியார் நிறுவனம் பின்வாங்க, 2018-இல் மத்திய அரசு 450 கோடிக்குக் குழாயை வாங்கி மக்கள் பணத்தில் கட்டி முடித்தது. எக்ஸ்எல்லில் முதலீடு செய்த ஆல்பெர்ட்டா அரசு ஏறத்தாழ 130 கோடி கனேடிய டாலரை இழந்ததும் தனிக் கணக்கு.

இடைவெளியில் இருக்கும் பணத்தை வெளிப்படையாகவே கைவைத்து எடுத்த அரசு ஹங்கேரியினுடையது. ரஷ்யாவின் கடல்வழி எண்ணெய்க்கு 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தபோது, துருஷ்பா குழாயில் வரும் எண்ணெய்க்கு விலக்கு அளித்தது. கடலில்லாத ஹங்கேரிக்கு வேறு வழி சுலபமில்லை என்பது காரணம். ரஷ்ய எண்ணெயோ பிரென்ட்டைவிட இருபது, முப்பது டாலர் மலிந்து கிடந்தது. குழாயின் மறுமுனையில் இருந்த மோல் நிறுவனம் மலிவாக வாங்கி ஐரோப்பிய விலைக்கு விற்றது. அந்த வித்தியாசத்தின் மீது அரசு முதலில் 25 சதவீத வரி போட்டது. டிசம்பரில் அது 95 சதவீதமானது. குழாயால் கிடைக்கும் லாபம் ஆலையின் உழைப்பில் வந்ததல்ல, வழியின் அமைப்பில் வந்தது என்பதை அந்த வரிவிகிதம் ஒப்புக்கொள்கிறது.

இந்தியாவுக்கு அதே ரஷ்ய எண்ணெய் கப்பலில்தான் வந்தது. ஆனாலும் வாங்குவோர் குறைந்த சரக்கு மலியும் என்ற அதே விதி இங்கேயும் வேலை செய்தது. உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு சதவீத அளவில் இருந்த ரஷ்யாவின் பங்கு, 2023-24-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. சென்னையில் 2022 மே 22 முதல் 2024 மார்ச் 14 வரை ஒரு லிட்டர் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. ஒரு காசு இறங்கவில்லை. 2022-இல் உலக விலை உச்சத்தில் இருந்தபோது அரசு எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் விலையை ஏற்றாமல் நட்டத்தைத் தாங்கின, பிறகு அதை ஈடுகட்டின என்பது நியாயமான விளக்கம்தான். 2023-24-இல் அந்த மூன்று நிறுவனங்களின் மொத்த லாபம் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மலிந்த கச்சா எண்ணெய் எங்கே தங்கியது என்று கேட்கும் உரிமை மத்திய மேற்கின் காரோட்டிக்கு இருந்ததைப் போலவே இங்கேயும் இருக்கிறது.

கனடாவில் அடுத்த குழாய்க்கான பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. 2025 நவம்பர் 27 அன்று கால்கரியில் பிரதமர் மார்க் கார்னியும் ஆல்பெர்ட்டா முதல்வர் டேனியல் ஸ்மித்தும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரைக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் கொண்டுசெல்லும் புதிய குழாய் அதன் மையம். ஆசியச் சந்தையே குறி. கரையோரப் பழங்குடிச் சமூகங்கள் எதிர்க்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா அரசும் ஏற்கவில்லை. கட்ட முன்வரும் தனியார் நிறுவனத்தின் பெயர் எதுவும் கையெழுத்தின்போது அறிவிக்கப்படவில்லை. தள்ளுபடி சுருங்கினால் யாருக்கு எவ்வளவு கூடும் என்பதை ஆல்பெர்ட்டாவின் பட்ஜெட்டே டாலர் கணக்கில் சொல்லிவிடுகிறது. செலவு மீண்டும் ஆறு மடங்கு ஏறினால் அதை யார் கொடுப்பது, கரையில் ஒரு டேங்கர் உடைந்தால் யார் ஏற்பது என்பவற்றைக் கட்டுவதற்கு முன்பே அதே டாலர் கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ள அந்த மாகாணங்களின் மக்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.